சாம்பல் கல்லில் வீடு கட்டலாமா?

பூமி பூஜை முடிந்து, கடக்கால் போட்டு, சுவர் எழும்பப் போகிற நேரம். காலையில் லாரியில் கல் வந்து இறங்குகிறது. ஆசையாக ஓடிப்போய்ப் பார்த்தால்... சிவப்புச் செங்கல் இல்லை! சிமென்ட் கலரில், வெளிறிப்போன கல்!

"என்ன மேஸ்திரி இது?"

"இதாங்க ஃப்ளை ஆஷ் கல்லு. இப்ப எல்லாரும் இதுலதானே கட்டுறாங்க. அளவு பிசகாது, பூச்சுக்கும் கலவை கம்மியாப் பிடிக்கும்."

அன்று சாயந்திரமே பக்கத்து வீட்டு மாமி ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார். "மின்சாரம் தயாரிக்கிற இடத்துச் சாம்பலாமே... அதுல கதிரியக்கம் இருக்காமே... குழந்தைங்க இருக்கிற வீடாச்சே, கேன்சர் கீன்சர் வந்துடப் போகுது!"

அவ்வளவுதான், தூக்கம் போச்சு! வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டுகிற வீடு. அந்தச் சுவருக்குள்தான் பிள்ளைகள் வளரப் போகிறார்கள். பயம் வரத்தானே செய்யும்?

ஆனால் ஒன்று. இந்த விஷயத்தில் நாம் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பயப்பட வேண்டாத இடத்தில் பயந்துகொண்டிருக்கிறோம். எது எந்த இடம் என்று பார்த்துவிடலாமா?

இது என்ன சாம்பல்?

அனல் மின் நிலையங்களில் நிலக்கரியை முகப்பவுடர் மாதிரி மாவாக அரைத்துத்தான் எரிக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரித்தால் 30-லிருந்து 45 கிலோ வரை சாம்பல்தான் மிச்சம். கனமான சாம்பல் அடியில் விழுந்துவிடும். லேசான சாம்பல் புகையோடு மேலே பறக்கும். அதைப் புகைபோக்கிக்குப் போகும் முன்பே மின்சாரத் தகடுகளால் இழுத்துப் பிடித்துவிடுகிறார்கள். பறக்கிற சாம்பல் என்பதால்தான் 'ஃப்ளை ஆஷ்' என்று பெயர். அரசாங்கக் காகிதங்களில் 'உலர் சாம்பல்' என்பார்கள்.

மேட்டூர், தூத்துக்குடி, வட சென்னை என்று நம் மாநிலத்து அனல் மின் நிலையங்களில் மலை மலையாக வருவது இதுதான். நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. அதில் சாம்பல் கொஞ்சம் குறைவு. இந்தியா முழுக்க என்று கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு 25 கோடி டன்னுக்கும் மேல்!

இந்தச் சாம்பலோடு மணல் அல்லது கிரஷர் தூள், சுண்ணாம்பு, ஜிப்சம் (சில இடங்களில் இவற்றுக்குப் பதில் சிமென்ட்) சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மெஷினில் வைத்து அழுத்தினால் கல் ரெடி. சூளை கிடையாது, நெருப்பும் கிடையாது. அப்புறம் இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் விட்டு ஆற வைக்கிறார்கள். அந்தச் சமயத்தில் சாம்பலில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் கைகோத்துக்கொண்டு, சிமென்ட் இறுகுவது போலவே இறுகிவிடுகின்றன.

'இது ஏதோ புது வித்தை' என்று நினைக்க வேண்டாம். செங்கல்லைப் பொடித்த சுர்க்கியைச் சுண்ணாம்போடு அரைத்துக் கட்டினார்களே நம் தாத்தா காலத்துக் கொத்தனார்கள்... அதே தத்துவம்தான் இது. சுர்க்கிக்குப் பதில் சாம்பல், அவ்வளவே. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்க்கும் முறையை நம் நாட்டில் சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் வரை கொண்டுபோய்ப் பரப்பியவர்கள் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள். 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் ஓர் ஆணை போட்டது. 'அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் தயாரிப்பவர்கள் குறைந்தது 25 சதவிகிதம் சாம்பல் சேர்த்தே ஆக வேண்டும்' என்றது அந்த ஆணை. பிறகு 2003, 2009, 2016, 2021 என்று அதைத் திருத்தி, இன்னும் இறுக்கினார்கள்.

இன்னொரு சேதி தெரியுமா? 'நான் சிவப்புச் செங்கல்லில்தான் கட்டினேன், எனக்குக் கவலையில்லை' என்பவர்கள் வீட்டிலும் இந்தச் சாம்பல் இருக்கும்! கடையில் பி.பி.சி. என்று விற்கிறார்களே, அந்த சிமென்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'ஃப்ளை ஆஷ் பேஸ்டு' என்று அச்சடித்திருக்கும். அந்த சிமென்ட்டில் 15-லிருந்து 35 சதவிகிதம் வரை இதே சாம்பலைச் சேர்க்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது.

கதிரியக்கம்... எவ்வளவு?

'கதிரியக்கம் இருக்கா, இல்லையா?' என்று கேட்டால், இருக்கிறது என்பதுதான் நேர்மையான பதில்.

ஆனால் கதிரியக்கம் எதில்தான் இல்லை? மண்ணில், கருங்கல்லில், செங்கல்லில், கிச்சன் மேடை கிரானைட்டில் எல்லாவற்றிலும் துளித்துளி உண்டு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் இருப்பது ஊருக்கே தெரியும். அவ்வளவு ஏன், வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பிலேயே பொட்டாசியத்தின் காரணமாகச் சுமார் 4,000 பெக்கரல் கதிரியக்கம் எப்போதும் இருக்கிறது! (பெக்கரல் என்பது இதை அளக்கும் அலகு. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்.)

நிலக்கரியும் மண்ணுக்குள்ளிருந்து வருவதுதானே? அதிலும் கொஞ்சம் யுரேனியம், தோரியம் இருக்கும். எரிக்கும்போது கரி போய்விடும், இவை போகாது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஆடை திரண்டு நிற்கிற மாதிரி, சாம்பலில் இவற்றின் அடர்த்தி பல மடங்கு ஏறிவிடுகிறது. பயத்துக்குக் காரணம் இதுதான். பயம் கற்பனையில்லை.

கேள்வியெல்லாம் 'எவ்வளவு' என்பதில்தான். கட்டடப் பொருள்களில் உள்ள ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, கிலோவுக்கு 370 பெக்கரலைத் தாண்டக் கூடாது என்பது உலக அளவில் விஞ்ஞானிகள் கையாளும் எல்லை. நம் நாட்டு மின் நிலையச் சாம்பல்களை அளந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குக் கீழேதான் வந்திருக்கின்றன. அதுவும் அது வெறும் சாம்பலின் கணக்கு. கல்லில் பாதி அளவுதான் சாம்பல், மீதி மணலும் சுண்ணாம்பும். ஆக, கல்லின் கணக்கு இன்னும் இறங்கிவிடும்.

அமெரிக்காவின் நில ஆய்வுத் துறை 1997-ல் வெளியிட்ட குறிப்பில், நிலக்கரிச் சாம்பலின் கதிரியக்கம் சாதாரண மண், பாறைகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொன்னது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பும் 2014-ல் சாம்பல் சேர்த்த கான்கிரீட்டை ஆராய்ந்தது. அதிலிருந்து வெளியேறும் பொருள்கள், சாம்பல் சேர்க்காத கான்கிரீட்டுக்குச் சமம் அல்லது அதைவிடக் குறைவு என்பது அதன் முடிவு.

'ரேடான்' என்று ஒரு வாயு இருக்கிறது. ரேடியம் சிதைந்து பிறப்பது. நிறமில்லை, மணமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட்டுக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் இதைச் சொல்கிறது. வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது என்பது 2009-ல் அது சொன்ன அளவு. சாம்பல் துகள்கள் பெரும்பாலும் கண்ணாடி மணி மாதிரி உருகி இறுகியவை. அதனால் உள்ளே பிறக்கும் ரேடான் சுலபத்தில் வெளியே வருவதில்லை. மேலே பூச்சும் பெயின்ட்டும் வேறு இருக்கின்றன. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில், வருகிற கொஞ்சமும் தங்காது.

எனவே, ராத்திரி பகலாக ஏ.சி. போட்டு ஜன்னலை இறுக மூடி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். எந்தக் கல்லில் கட்டிய வீடானாலும் சரி, காலையும் மாலையும் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். அந்த வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பவர் இருந்தால், சுவரைப் பார்த்துப் பயப்படுவதைவிட அவரைத் திருத்துவதுதான் அவசரம்!

எல்லாக் கழிவும் ஒன்றா?

'அப்படியானால் தொழிற்சாலைக் கழிவு எதில் வேண்டுமானாலும் கல் செய்யலாமே?'

இங்கேதான் உஷார்!

ஸ்வீடன் நாட்டில் 1929-லிருந்து 1975 வரை 'நீலக் கான்கிரீட்' என்று ஒரு கல் அமோகமாக விற்றது. எடை குறைவு, குளிர் தாங்கும், விலையும் கட்டுப்படி. லட்சக்கணக்கான வீடுகள் அதில் எழும்பின. அதற்கு எடுத்த பாறை வகையில் யுரேனியம் அதிகம் என்பதும், வீடுகளில் ரேடான் தேங்குகிறது என்பதும் பிறகுதான் உறைத்தது. தயாரிப்பையே நிறுத்தினார்கள். கட்டிய வீடுகளை என்ன செய்வது? இன்றைக்கும் அங்கே வீடு வாங்குபவர்கள் முதலில் ரேடான் அளவைத்தான் விசாரிக்கிறார்கள்.

அமெரிக்காவின் கிராண்ட் ஜங்ஷன் ஊரில் நடந்தது இன்னும் கொடுமை. யுரேனியம் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய மணலை, 'நல்ல மணலாச்சே' என்று 1950, 60-களில் கட்டட வேலைக்கு எடுத்துப் போனார்கள். வீட்டுக்கடியில் நிரப்பினார்கள், பள்ளிக்கூடத்துக்கும் போட்டார்கள். பின்னால் விஷயம் தெரிந்து, ஆயிரக்கணக்கான இடங்களில் தரையைத் தோண்டி அந்த மணலை அள்ளியெடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு இடத்திலும் தப்பு ஒன்றுதான். 'கல் உறுதியா?' என்று மட்டும் கேட்டார்கள். 'கல்லுக்குள் என்ன போட்டாய்?' என்று கேட்கவில்லை.

நம் பக்கமும் பலவிதக் கழிவுகள் இருக்கின்றன. பாஸ்பேட் உரம் தயாரித்தபின் மிஞ்சும் ஜிப்சத்தில் ரேடியம் சேர்ந்திருக்கும். அதைக் கட்டடப் பொருளாகப் பயன்படுத்துவது பற்றி நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009-ல் தனியாக உத்தரவே போட்டிருக்கிறது. அலுமினியத் தொழிலின் சிவப்புச் சேறு, தோலை அரித்துவிடும் அளவு காரம் மிகுந்தது. சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்தபின் மிஞ்சும் வண்டலில் என்னென்ன ரசாயனம் இருக்கும் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். இவற்றிலும் கல் செய்யலாம் என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அளந்து, கட்டுப்படுத்திச் செய்வது வேறு. 'கல்லு மலிவு சார்' என்று ஆள் சொல்ல, எதைப் போட்டார்கள் என்றே தெரியாமல் வாங்கிக் கட்டுவது வேறு.

ஆகவே கல் விற்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த மின் நிலையத்துச் சாம்பல்? ஜிப்சம் எங்கிருந்து வாங்குகிறீர்கள்? வேறு கழிவு ஏதாவது சேர்க்கிறீர்களா? நேர்மையான தயாரிப்பாளர் பில்லை எடுத்துக் காட்டுவார். மழுப்பினால், வேறு இடம் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுப்புச் சாம்பல் வேற... இது வேற!

சாம்பல் என்றாலே நமக்கு ஒரு சொந்தம் உண்டு. விறகடுப்புச் சாம்பலில் பாத்திரம் தேய்த்திருக்கிறோம், பல்கூட விளக்கியிருக்கிறோம். கீரைப் பாத்தியில் தூவினால் பூச்சி அண்டாது என்று பாட்டி சொல்லியிருப்பார்.

அந்த நினைப்பில், கட்டட வேலையில் மிஞ்சிய நிலக்கரிச் சாம்பலை எடுத்துவந்து பாத்திரம் தேய்க்காதீர்கள். கறிவேப்பிலைச் செடிக்கும் போடாதீர்கள். விறகு என்பது மரம். நிலக்கரியோ பூமிக்கடியில் கிடந்தது. அதன் சாம்பலில் ஆர்சனிக், காரீயம், குரோமியம் போன்றவை சிறிதளவு உண்டு. கல்லாக இறுகியபின் இவை உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். சுவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளாது, சாய்ந்தாலும் ஏறாது. ஆனால் தூளாக வயிற்றுக்குள் போனால் கதை வேறு.

'யாராவது கல்லைத் தின்பார்களா?' என்று சிரிக்காதீர்கள். சுவரைச் சுரண்டித் தின்கிற குழந்தைகள் நம் வீடுகளில் இல்லையா? மசக்கைக் காலத்தில் சாம்பல், மண், செங்கல் தூள் என்று ரகசியமாக வாயில் போட்டுக்கொள்கிற பெண்கள் இல்லையா? இதற்கு மருத்துவத்தில் 'பைகா' என்று பெயர். பல சமயம் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவதன் அறிகுறி இது. குழந்தையை அடிக்காதீர்கள், கர்ப்பிணியைக் கேலி செய்யாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள். வளர்கிற குழந்தையின் மூளைக்குக் காரீயம் பரம விரோதி. அதனால், பூசாத சாம்பல் கல் சுவர், உடைந்த கல் குவியல், சாம்பல் மூட்டை இவை பக்கத்தில் பிள்ளைகளை விளையாட விடவே கூடாது.

நிஜமான வில்லன்... தூசு!

இப்போது பயப்பட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

சுவராக நிற்கிற கல் சாது. அதே கல் தூளாகப் பறக்கும்போதுதான் வம்பு. சாம்பல் துகள்களில் பல, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியில் மாட்டாது, தொண்டைச் சளியில் ஒட்டாது. நேரே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துவிடும். இதோடு கிரஷர் தூளிலும் எம்-சாண்டிலும் இருக்கும் படிகச் சிலிக்காவும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சிலிக்காத் தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே சொல்லிவிட்டது. வருஷக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வருவது 'சிலிக்கோசிஸ்'. நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படும். படியேறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் விடாது. வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுப்பதுதான் ஒரே வழி. டி.பி. தொற்றும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம். இதையே டி.பி. என்று நினைத்து மாசக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களும் உண்டு.

இந்தத் தூசு யார் நெஞ்சில் போய்ச் சேருகிறது? முதலில், கல் அறுக்கும் கூடத்தில் சாம்பல் மூட்டையைப் பிரித்துக் கொட்டுபவர் நெஞ்சில். அப்புறம், புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கல் சுமக்கும் சித்தாள் நெஞ்சில். அப்புறம், சுவரில் ஒயர் பதிக்க மெஷின் வைத்துப் பள்ளம் வெட்டும் எலெக்ட்ரீஷியன் நெஞ்சில். புடவைத் தலைப்பு இந்தத் தூசுக்குச் சல்லடை மாதிரிதான். ஒன்றும் தடுக்காது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இது சாம்பல் கல்லுக்கு மட்டும் உள்ள குற்றமில்லை. செங்கல், டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் எதை உலர வெட்டினாலும் இதே தூசுதான். வீடு கட்டுகிற நாம் சில விஷயங்களில் கண்டிப்பாக இருந்தால் போதும்:

* கல்லையோ சுவரையோ வெட்டும்போது தண்ணீர் தெளித்து வெட்டச் சொல்லுங்கள். தூசில் பெரும்பகுதி அப்படியே அடங்கிவிடும். மின்சார மெஷின் என்பதால், தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே உள்ள மெஷினைப் பழகிய ஆள்தான் இயக்க வேண்டும்.

* வேலையாட்களுக்கு என்-95 மாஸ்க் உங்கள் செலவிலேயே வாங்கிக் கொடுங்கள். வீட்டு பட்ஜெட்டில் அது ஒரு குழாய்த் திருகின் விலைகூட ஆகாது.

* குடியிருக்கும் வீட்டில் மாடி எடுக்கிறீர்களா, சுவர் இடிக்கிறீர்களா? வேலை நடக்கும் அறை வாசலில் ஈரத்துணி கட்டுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள், வயதானவர்கள் அந்தச் சில நாள் வேறு இடத்தில் இருப்பது நல்லது.

* விளக்குமாற்றால் வறட்டு வறட்டென்று பெருக்கக் கூடாது. அடங்கிய தூசை எழுப்பிவிட்ட கதையாகும். தண்ணீர் தெளித்துக் கூட்டி, ஈரத்துணியால் துடையுங்கள்.

* சிமென்ட், சுண்ணாம்புக் கலவை கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தோல் வெந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், 15 நிமிஷமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவி, நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

* கல் கூடத்திலோ கட்டடத்திலோ வேலை பார்ப்பவருக்கு இருமல் இழுத்துக்கொண்டே போனால், டாக்டரிடம் 'இன்ன வேலை பார்க்கிறேன்' என்று தாமே முந்திச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

மட்டமான கல்லும் வீஸிங்கும்

'கல் மட்டமாக இருந்தால் சுவர் விரிசல் விடும்' என்பது எல்லாருக்கும் தெரியும். 'மூச்சு இழுக்கும்' என்பது தெரியுமா?

சரியாக ஆற வைக்காத கல் தண்ணீரை ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சும். மழைக்காலத்தில் உள்சுவரில் ஓதம் ஏறும். பெயின்ட் பொரிந்து உப்புப் பூக்கும். மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைதான் ராத்திரி குழந்தைக்கு வருகிற வீஸிங்குக்கும், விடியற்காலைத் தும்மலுக்கும் காரணமாகிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமா முதலான சுவாசத் தொல்லைகள் அதிகம் என்று 2009-ல் உலக சுகாதார நிறுவனம் தனி வழிகாட்டியே வெளியிட்டது. கதிரியக்கத்துக்குப் பயப்படுகிற நாம், கண்ணெதிரே சுவரில் பிடிக்கும் பூஞ்சைக்குப் பயப்படுவதில்லையே!

லோடு இறங்கும் முன்பே, நாலைந்து கல்லை எடுத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம்:

1. எடை: கல்லை நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். எடை 20 சதவிகிதத்துக்கு மேல் கூடக் கூடாது. அதாவது 3 கிலோ கல், ஊறியபின் 3 கிலோ 600 கிராமைத் தாண்டக் கூடாது.

2. ஓசை: இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும். 'பொத்'தென்றால் வேண்டாம்.

3. கீறல்: நகத்தால் கீறினால் மாவாக உதிரக் கூடாது. கையில் எடுத்தவுடன் பவுடர் ஒட்டினால், பிணைப்புப் பொருளில் கை வைத்திருக்கிறார்கள் அல்லது ஆற வைக்கவில்லை என்று அர்த்தம்.

4. விழுதல்: இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் தூள் தூளாகக் கூடாது.

5. தேதி: தயாரித்து எத்தனை நாளாச்சு என்று கேளுங்கள். நாலு வாரம் ஆன கல் உத்தமம். 'நேத்து அறுத்தது, சூடா இருக்கு' என்பது இட்லிக்கு வேண்டுமானால் பெருமை, கல்லுக்கு இல்லை!

6. சான்று: சாம்பல்-சுண்ணாம்புக் கல்லுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 12894. அதன்படி சோதித்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரிய வேலையானால், பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நீங்களே கொடுத்துப் பார்க்கலாம்.

வேண்டாம் என்று தள்ளினால்...

'எதுக்கு வம்பு, பேசாம சிவப்புச் செங்கல்லே போட்டுடலாம்' என்று தோன்றுகிறதா? தாராளமாகப் போடலாம். ஆனால் அதுவும் பாவம் செய்யாத கல் இல்லை. அதற்கு வயல்காட்டு மேல்மண்ணை வெட்ட வேண்டும். சூளையில் வைத்து எரிக்க வேண்டும். அந்தப் புகை பக்கத்து ஊர்க் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் மண்ணை வெட்டி வெட்டி ஓடைகளே உருமாறிப்போய், 2021-ல் அங்கே செங்கல் சூளைகளை மூட வேண்டி வந்தது.

நாம் வாங்காவிட்டால் சாம்பல் காணாமலும் போய்விடாது. தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளங்களில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எண்ணூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். சாம்பல் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, மீனவர் பிழைப்பே கேள்விக்குறியாகி, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கோடைக் காற்றில் சாம்பல் குளம் உலர்ந்து பறக்கும்போது, பக்கத்து வீடுகளில் சோற்றுத் தட்டிலும் சாம்பல். 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் சிங்ரௌலியில் சாம்பல் குளத்தின் கரையே உடைந்து, குழந்தைகள் உள்பட உயிர்கள் போயின.

குளத்தில் கிடக்கும் சாம்பல் பறக்கும், கசியும், உடைத்துக்கொண்டு ஓடும். ஒழுங்காகச் செய்த கல்லுக்குள் போன சாம்பல் அடங்கிக் கிடக்கும். உடம்புக்கு எது நல்லது என்று கேட்டால், அடங்கிக் கிடப்பதுதான் நல்லது, உங்கள் வீட்டுக்கும் சரி, எண்ணூர்க்காரர் வீட்டுக்கும் சரி.

ஆகவே, சாம்பல் கல்லில் தைரியமாகக் கட்டுங்கள். ஆனால் வாங்கும் முன் 'உள்ளே என்ன?' என்று கேளுங்கள். வாங்கியபின் தண்ணீரில் ஊறப் போட்டுப் பாருங்கள். வேலை நடக்கும்போது தூசைப் பறக்க விடாதீர்கள். குடி வந்தபின் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி, சித்தாளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்துக் கௌரவிப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம். அதற்கும் முன்னால், முதல் கல் வைக்கிற அன்றைக்கே ஆளுக்கு ஒரு மாஸ்க் எடுத்துக் கொடுத்துப் பாருங்களேன். நம் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்களின் மூச்சும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா?